‘இன்னும் அரை மணி நேரம் கிடக்கட்டு!’ - பன்றிக்கறி ரோஸ்ட்டும் அம்மாவின் பயமும்

போன ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் நான் பன்றிக்கறி ரோஸ்ட் செய்தேன். செய்தேன் என்பதைவிட, ஒன்றரைக் கிலோ நல்ல கறியைத் தேங்காய்த் தும்பாக்கினேன் என்று சொல்வதுதான் பொருத்தம். (தும்பு என்றால் கயிறு திரிக்கிற நார். எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம்.) அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். தண்ணீர் குடித்தார். “மசாலா நல்லா இருக்கு” என்றார். கறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இத்தனைக்கும் முதல் நாள் இரவே மசாலா தடவி ஊறவைத்திருந்தேன். சென்னையிலிருந்து பஸ்ஸில் என் ஓ.டி.ஜி-யைக் காலடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். (சமையல் குறிப்புகளில் இதை ‘அவன்’ என்று எழுதுவார்கள். ‘கறியை அவனுக்குள் வைக்கவும்’ என்று எழுதினால் எங்கள் டெஸ்க்கில் சிரிக்கிறார்கள். எனவே இந்தப் பக்கத்தில் எப்போதும் ஓவன்தான்.) ஒன்றேகால் மணி நேரத்தில் வாசனை தெருமுனை வரைக்கும் போய்விட்டது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

“வெந்தாச்சா மக்ளே?”

“வெந்தாச்சும்மா.”

“பன்னிக்கறியாக்கும். இன்னும் அரை மணி நேரம் கிடக்கட்டு.”

அரை மணி கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே வசனம். இப்படி மூன்று அரை மணி நேரம். வெளியே எடுத்தபோது ஒன்றரைக் கிலோ கறி முக்கால் கிலோ மாதிரி சுருங்கிப்போய்க் கிடந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அரை மணி நேரங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த வாரம் ரோஸ்ட் செய்முறை சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும்.

என் சித்தி மகனுக்கு 11 வயதில் பள்ளிக்கூடத்தில் வைத்து வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையில் புழுக்கட்டி என்றார்கள். “பன்றிக்கறி சாப்பிடுவீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். சித்தி வீட்டில் பன்றிக்கறி வாங்குவதே இல்லை. அவன் சாப்பிட்டது எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும்தான். அந்தக் கேள்விக்கு சித்தி என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால், அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர்கள் வருவது நின்றுவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் மூன்று மணிக்கு மேல் கேக்குக்கும் டீக்கும் வருவார்கள். சாப்பாட்டு நேரத்தைத் தாண்டித்தான் வருவார்கள்.

தம்பி மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சொன்ன காலம் வரைக்கும் விடாமல் சாப்பிட்டு, நன்றாகிவிட்டான். இப்போது அவனுக்கு 22 வயது. ஆனால், அன்றைக்கு ஆரம்பித்த பயம் எங்கள் அடுப்படியை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டுப் பன்றிக்கறி குக்கரில் எட்டு விசில் வாங்கி, அதற்குப் பிறகு இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுபட்டுத்தான் தட்டுக்கு வரும்.

இதை எழுதுவதற்காக உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் தகவல்களைப் படித்தேன். படித்து முடித்ததும் முதலில் ஊருக்குத்தான் போன் போட்டேன். ஏனென்றால், எங்கள் குடும்பம் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் சரி.

விஷயம் இதுதான். பன்றி நாடாப்புழுவுக்கு இரண்டு வீடுகள் உண்டு. வளர்ந்த புழு இருப்பது மனிதக் குடலில். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறும். திறந்தவெளியில் கிடக்கும் மலத்தைத் தின்கிற பன்றிக்குள் அந்த முட்டைகள் போய், அதன் தசைகளில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாகத் தங்கும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் நமக்கு வருவது குடலில் நாடாப்புழு. கறியிலிருக்கும் கொப்புளம் நேரே மூளைக்குப் போவதில்லை.

மூளையில் கட்டி வருவதற்குக் காரணம், புழுவின் முட்டை நம் வாய் வழியாக உள்ளே போவது. அந்த முட்டை கறியில் இருக்காது. குடலில் நாடாப்புழு இருக்கும் ஒரு மனிதரிடமிருந்துதான் அது வரும். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவர் கை கழுவாமல் பிசைந்த சாப்பாடு, மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த கீரை, சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி, குடிக்கிற தண்ணீர் என்று எது வழியாகவும் வரலாம். அதனால்தான் பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாதவர்களுக்கும், முட்டைகூடச் சாப்பிடாத சுத்த சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாசலில் விற்ற வெள்ளரிக்காயாகவும் இருந்திருக்கலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கறிதான் காரணம் என்று சொல்ல மட்டும் எந்த ஆதாரமும் கிடையாது.

அதற்காக, கறியை எப்படி வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. பன்றிக்கறியை முழுதாக வேகவைத்தால் குடலில் நாடாப்புழு வராது. புழு இல்லையென்றால் முட்டை இல்லை. முட்டை இல்லையென்றால் அடுத்தவர் மூளைக்கும் ஆபத்து இல்லை. அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அரை மணி நேரம், இன்னொரு அரை மணி நேரம் என்று அளந்ததில்தான் கோளாறு.

நேரத்தை விடுங்கள், சூட்டைப் பாருங்கள்

கறி வெந்ததா என்பதைக் கடிகாரம் சொல்லாது. நிறமும் சொல்லாது. நன்றாக வெந்த பன்றிக்கறி சில சமயம் உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கும், வேகாதது வெளுத்தும் இருக்கும். அதைச் சொல்வது கறியின் நடுவில் இருக்கும் வெப்பம். நுனியில் ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கறியின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும். வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சென்னையிலும் நாகர்கோவிலிலும் 100 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் 93 வந்தாலே போதும், திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்.

எத்தனை டிகிரி? அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-ல் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை பன்றிக்கறிக்கு 71 டிகிரி செல்சியஸ் என்றிருந்ததை, முழுத் துண்டு என்றால் 63 டிகிரி போதும், வெளியே எடுத்து 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று குறைத்தது. கொத்துக்கறிக்கு இப்போதும் 71 டிகிரிதான். இது கொழுப்பில்லாத துண்டுகளைச் சமைப்பவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால், எங்கே வளர்ந்த பன்றி, என்ன தின்று வளர்ந்தது என்று தெரியாமல் கடையில் வாங்கும்போது நான் 63-ல் நிறுத்த மாட்டேன். 71-ஐத் தாண்டினால்தான் எனக்கு நிம்மதி. இது என் பயம். அம்மாவிடமிருந்து வந்தது.

இங்கேதான் சிக்கல். பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். 50 டிகிரியைத் தாண்டும்போதே தசை நார்கள் இறுக ஆரம்பிக்கும். 65, 70 என்று போகும்போது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளிருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நான் ஈஸ்டருக்கு வாங்கியது எலும்பும் கொழுப்பும் இல்லாத பின்னந்தொடை. கடைக்காரரிடம், “அண்ணே, கொழுப்பே இல்லாம குடுங்க” என்று வேறு கேட்டு வாங்கினேன். அந்தத் துண்டு 71-ஐத் தாண்டியதும் வறள ஆரம்பித்திருக்கும். அம்மாவின் மூன்றாவது அரை மணி நேரத்தில் அது எத்தனை டிகிரியில் இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அப்படியென்றால் முழுதாக வேகவும் வேண்டும், சாறும் இருக்க வேண்டும் என்றால் என்ன வழி? துண்டை மாற்ற வேண்டும். முன்னங்காலுக்கு மேலே, தோள் பகுதிக் கறி. பன்றி நாள் முழுக்க அந்தக் கால்களை ஊன்றித்தான் நிற்கிறது. அதனால் அங்கே சவ்வு அதிகம், கறிக்கு நடுவில் கொழுப்பும் கோடு கோடாக ஓடும். இந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேலே, மெதுவாக, மணிக்கணக்கில் இளகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒட்டுமே, அதே சமாச்சாரம்தான். நார்களிலிருந்து தண்ணீர் வெளியேறினாலும், இந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நார்களுக்கு நடுவே நின்று கறியை ஈரமாக வைத்திருக்கும். தோள் கறி 71-ல் ரப்பர். 80-ல் பரவாயில்லை. 90 டிகிரிக்குப் போனால் ஸ்பூனால் குத்தினாலே பிரியும்.

அதாவது, பயப்பட வேண்டிய எல்லையை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டு வந்த பிறகுதான் இந்தக் கறி ருசிக்கவே ஆரம்பிக்கிறது. இன்னும் வேகட்டும் என்று அம்மா சொன்னது சரி. நான் வாங்கிய துண்டுதான் தப்பு. ஓவனை 220 டிகிரியில் வைத்து, மூடாமல் விட்டது இரண்டாவது தப்பு.

கடையில் கவனிக்க வேண்டியது

அடைத்து வைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் வெண்பன்றிப் பண்ணைகள் தமிழ்நாட்டில் நிறைய வந்துவிட்டன. காட்டுப்பாக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்திலேயே இதற்கென்று பண்ணை இருக்கிறது. தெருவில் திரியாத பன்றிக்கு, மேலே சொன்ன புழு வருகிற வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எனவே, பண்ணைக் கறியா என்று கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வெட்டிய கறியில் ஊறிய ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் வாங்காதீர்கள். விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நல்ல கறி இளஞ்சிவப்பாக, அழுத்தினால் மீண்டு வருவதாக இருக்கும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். தோலோடு ஒன்றரைக் கிலோ தோள் கறியை ஒரே துண்டாகக் கேளுங்கள். கத்தியை ஓங்கிக்கொண்டே, “குழம்புக்குத்தானே?” என்பார் கடைக்காரர். ஒரு விநாடி தாமதித்தால் 40 துண்டாகிவிடும், உஷார்.

ஊறவைப்பதில் ஒரு ரகசியமும் இல்லை

மேரினேஷன் பற்றி ஒரு பெரிய மூடநம்பிக்கை இருக்கிறது. இரவு முழுக்க ஊறினால் மசாலா கறியின் உள்ளே வரைக்கும் போய்விடும் என்று. போகாது. பூண்டும் மிளகாயும் பட்டையும் ஒரு ராத்திரியில் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். உள்ளே வரைக்கும் போகக்கூடியது உப்பு. அது தசையில் இருக்கும் புரதத்தைக் கொஞ்சம் இளக்கி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிறது. எனவே, உப்புக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மசாலாவின் வேலை மேல்தோலிலும், அடியில் இறங்கும் சாற்றிலும்.

புளிப்பு விஷயத்திலும் அளவு வேண்டும். வினிகரை ஊற்றி இரண்டு நாள் வைத்தால் கறி மிருதுவாகும் என்று நினைக்கிறோம். மேல் பக்கம் மாவு மாதிரி ஆகும், உள்ளே அப்படியேதான் இருக்கும். பப்பாளிக்காய் இன்னும் மோசம். மட்டனுக்குப் போடும் பழக்கத்தில் போட்டு மறந்துவிட்டால் மறுநாள் காலையில் மேல் பக்கம் களியாகியிருக்கும். தோள் கறியை மிருதுவாக்கும் வேலையை ஓவன் பார்த்துக்கொள்ளும்.

என் மசாலா விண்டாலு வழியில் வந்தது. போர்ச்சுக்கீசியர்கள் பன்றிக்கறியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைப்பார்கள். ‘கார்னே டி வின்யா தாலியோஷ்’ என்று பெயர். மதெய்ரா தீவில் இன்றும் அது கிறிஸ்துமஸ் பலகாரம். அது கோவாவுக்கு வந்து, ஒயினுக்குப் பதில் வினிகராகி, மிளகாயும் நம் மசாலாவும் சேர்ந்து விண்டாலு ஆனது. ஹோட்டல்களில் உருளைக்கிழங்கு போட்டு ‘ஆலு’ என்று நியாயம் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் இருப்பது ஆலு இல்லை, பூண்டு. குடகில் பன்றிக்கறிக்குக் கச்சம்புளி ஊற்றுவதும் இதே புளிப்புக் கணக்குதான். கொழுப்புள்ள கறிக்குப் புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது துண்டில் திகட்டிவிடும்.

தேவையானவை: தோலோடு பன்றித் தோள் கறி ஒன்றரைக் கிலோ, தூள் உப்பு 3 டீஸ்பூன் (தலை தட்டி), காய்ந்த மிளகாய் 8, மிளகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், கிராம்பு 4, விரல் நீளப் பட்டை 1, பூண்டு 20 பல், இஞ்சி ஒரு கட்டைவிரல் அளவு, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், வினிகர் 4 டேபிள்ஸ்பூன் (தென்னை வினிகர் கிடைத்தால் நல்லது), பொடித்த வெல்லம் 1 டீஸ்பூன், பெரிய வெங்காயம் 3, உருளைக்கிழங்கு அரைக் கிலோ, இரண்டு பெரிய வாழையிலை.

முதல் நாள் காலையில் கறியைத் துடைத்து, தோல் மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, உப்பை எல்லாப் பக்கமும் தேய்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கறியைக் குழாயடியில் வைத்துக் கழுவினால் தண்ணீர் தெறித்து சிங்க் முழுக்கப் பச்சைக் கறியின் கிருமிதான் பரவும். கழுவாமல் மனசு கேட்காது என்பவர்கள், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கறி நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கவே கூடாது.

அன்று இரவு மிளகாயை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, வறுத்த மிளகு, சீரகம், கிராம்பு, பட்டையோடும், பூண்டு, இஞ்சி, மஞ்சள்தூள், வெல்லத்தோடும் கெட்டியாக அரையுங்கள். தோலை விட்டுவிட்டு மற்ற பக்கங்களில் தடவி மறுபடியும் ஃப்ரிட்ஜ். தோல் மேல் மசாலா பட்டால் கடைசியில் மொறுமொறுப்புக்குப் பதில் கருகல்தான் வரும். மிச்ச மசாலாவைக் கொட்ட வேண்டாம், வெங்காயத்தில் பிசறிக்கொள்ளலாம். அதுவும் கறியோடு சேர்ந்து வெந்துவிடும்.

சமைக்கும் நாளில் ஓவனை 150 டிகிரிக்கு வைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிகிற மாதிரி 15 நிமிடம் சூடாக்குங்கள். ஆழமான ட்ரேயில் தடித்த வெங்காய வட்டங்களைப் பரப்பி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மேலே கறியைத் தோல் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். வாட்டிய வாழையிலையால் மூடி, அதற்கு மேல் அலுமினியம் ஃபாயிலைப் போட்டு ஓரங்களை இறுக்கமாக மடியுங்கள். வினிகர் மசாலாவில் ஃபாயில் நேரடியாகப் பட்டால் அரித்துவிடும் என்பதற்காகத்தான் இலை. வாசனை அதன் கொசுறு. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் குழி தோண்டி, பன்றிக்கறியை வாழையிலையில் கட்டி வேகவைப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் நம் ஓ.டி.ஜி-யைப் பார்த்தால் சிரிக்கலாம். இலையைப் பார்த்தால் சமாதானமாகிவிடுவார்கள்.

கீழ் அடுக்கில் வைத்து இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். அதன் பிறகு ஃபாயிலின் ஓரத்தைப் பிரித்துத் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 70-ஐ ஒட்டி ஓர் இடத்தில் முள் நகராமல் நிற்கிற மாதிரி தோன்றும். பதறி ஓவனைக் கூட்டாதீர்கள். கறியின் ஈரம் ஆவியாகும்போது அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது, நமக்கு வியர்க்கிற மாதிரி. மூடி இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் தாண்டிவிடும். இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் 90 டிகிரி வரும். ஒவ்வொரு ஓ.டி.ஜி-யும் ஒரு குணம். என்னுடையது 150 என்று சொல்லிக்கொண்டு 170-ல் எரிகிற ஆள். அதனால் என் கணக்கை அப்படியே நம்பாமல் ஊசியை நம்புங்கள்.

90 வந்ததும் ஃபாயில், இலை இரண்டையும் எடுத்துவிட்டு, சாற்றை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொண்டு, தோலைத் துணியால் ஒற்றி, ஓவனை 220-க்கு ஏற்றுங்கள். தோலோடு பாதி வேகவைத்த உருளைக்கிழங்கை இந்த நேரத்தில் ட்ரேயில் போட்டு, வடித்த சாற்றின் மேலே மிதக்கும் கொழுப்பை அதன் மேல் ஊற்றினால் போதும், வேறு எண்ணெய் வேண்டாம். 15, 20 நிமிடத்தில் தோல் பொரியும். பக்கத்திலேயே நில்லுங்கள். மொறுமொறுப்புக்கும் கரிக்கும் நடுவே இரண்டு நிமிடம்தான்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். 20 நிமிடம் அப்படியே விடுங்கள். சுடச்சுட வெட்டினால் சாறு பலகையில் ஓடும், தட்டுக்கு வராது. வடித்த சாற்றை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பாதியாகச் சுண்டவைத்தால் அதுவே கிரேவி.

கரன்ட் பில் பற்றிக் கேட்பீர்கள். 1,500 வாட் ஓ.டி.ஜி மூன்று மணி நேரம் விடாமல் எரிந்தாலே நாலரை யூனிட்தான். கம்பி அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஆகும். வெறும் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் இதை முயல வேண்டாம். கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் செய்யலாம். பன்றிக்கறி சாப்பிடாத வீடுகளுக்கும் தெர்மாமீட்டர் வீண் போகாது. கோழியை முழுசாகச் சுடுபவர்களுக்கு 74 டிகிரி.

இனி கிறிஸ்துமஸ் கதை.

டிசம்பர் முதல் வாரமே அம்மா போன் செய்தார். “இந்த வருஷம் சித்தி மத்தியானச் சாப்பாட்டுக்கே வாறாளாம் மக்ளே. பன்னிக்கறி வேண்டாம் கேட்டியா. கோழி போதும்.” நான் சரியென்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் தம்பியிடமிருந்து மெசேஜ்: ‘அக்கா, ஓவன் கறி உண்டுல்லா?’ புழு, முட்டை, கீரை எல்லாவற்றையும் பற்றி நான் படித்ததை ஒரு மாதம் முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டியிருக்கிறான். சித்தி ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால், மூன்று மணிக்கு வருபவர் ஒரு மணிக்கு வருகிறார் என்றால் அது ஒரு பதில்தானே.

கோழியும் செய்தோம், இதையும் செய்தோம். காலை எட்டரைக்கு ஓவனில் வைத்தேன். பத்தரை மணிக்கு அம்மா அடுப்படி வாசலுக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தெர்மாமீட்டரை அவர் கையில் கொடுத்தேன். “நீங்களே பாருங்க.” காய்ச்சல் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு குத்தினார். 68. “இன்னும் வேகணும்” என்றார். “ஆமாம்மா, இன்னும் வேகணும்” என்றேன். நாங்கள் இருவரும் பன்றிக்கறி விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

பிறகு அவ்வப்போது அவரே வந்து குத்தினார். 74. 83. பதினொன்றரைக்கு 91. நான் போதும் என்றேன். வேறு இரண்டு இடங்களில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அம்மா தலையாட்டினார்.

மேசையில் வைத்து அப்பா கத்தியை எடுத்தார். கத்திக்கு வேலையே இல்லை, கறி தானாகப் பிரிந்தது. சாறு இலையில் இறங்கியது. தம்பி முதல் ஆளாகத் தட்டை நீட்டி, தோல் ஒட்டிய ஓரத்துண்டுதான் வேண்டும் என்றான். அந்தத் துண்டு அவன் தட்டில் விழும் வரைக்கும் அம்மாவும் சித்தியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

சித்தி தன் தட்டில் கோழியைத்தான் வைத்துக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில், பக்கத்தில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை காட்டிச்சுக்கா?”

“தொண்ணூத்தொண்ணு. மூணு இடத்துல பாத்தேன்.”

சித்தி அதைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு சின்னத் துண்டு போடு” என்றார்.